துடுப்பு ஒருவர் கையில், வழி ஒருவர் வாயில்



கடைக்காரர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனால்கூட, கடை எப்போது திறப்பீர்கள் என்றுதான் கேட்பார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கை என்றாலும் அதில் பொய் இல்லை. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், வேலையாட்களுக்கு வாரம் ஒரு நாள் சம்பளத்துடன் விடுமுறை கொடுக்கச் சொல்கிறது. முதலாளிக்கு விடுமுறை கொடுக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. ஆயுத பூஜையன்று கடை கழுவுவதையும், தீபாவளிக்கு மறுநாள் பேரேடு புரட்டுவதையும் ஓய்வு என்று எண்ணி நம்மில் பலர் ஆயுளைக் கழித்துவிட்டோம். "பிள்ளைகள் தலையெடுக்கட்டும், பிறகு ஊர் சுற்றலாம்" என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு அவர்கள் நம்மோடு வருவார்களா, ஒருவரோடொருவர் வருவார்களா என்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஊட்டி ஏரியில் நடந்த ஒரு விளையாட்டுப் படகுப் போட்டியில் எங்கள் குடும்பம் கலந்துகொண்ட கதை இது. வியாபாரிகளுக்கான இதழில் இதற்கு என்ன வேலை என்று தோன்றலாம். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

கோவை கலெக்டர் வெட்டிய ஏரி

ஊட்டி நமக்கு அயலூர் அல்ல. ஜான் சல்லிவன் கோவை மாவட்டக் கலெக்டராக இருந்தபோதுதான் உதகமண்டலத்தில் குடியிருப்பு எழுந்தது. 1819-இல் நீலகிரி மலையேறிய அவர், 1820-களில் மலை ஓடைகளைக் கரை கட்டி மறித்து உண்டாக்கியதே இன்றைய ஏரி. முதலில் இது இப்போது இருப்பதைவிடப் பெரிதாக இருந்தது. இன்றைய பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கும் இடம் ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் நின்ற இடம்தான். உருளைக்கிழங்கு முதலான மேல்நாட்டுக் காய்கறிகளை மலையில் பயிரிட ஊக்கம் கொடுத்தவரும் சல்லிவன்தான். மேட்டுப்பாளையம் மண்டிகளில் இன்றைக்கும் உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு என்று ஏலம் போவதைப் பார்க்கும் நம் போன்றவர்களுக்கு, அந்த மனிதர் ஒரு வகையில் நம் வியாபாரத்துக்கு முன்னோடி.

கோடைக் காலத்தில் மலைக்குப் போகும் வழக்கம் வெள்ளைக்காரரோடு வந்தது; அவர்கள் போன பிறகு நம் மக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். தாவரவியல் பூங்காவின் மலர்க் கண்காட்சி 1896-இல் தொடங்கியது. 2023-இல் அதன் 125-ஆவது கண்காட்சி நடந்தது. மே மாதத்தில் கோடை விழா என்ற பெயரில் ஊட்டியில் ரோஜாக் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி என்று வரிசையாக நடக்கும். அதில் ஒன்றுதான் படகு இல்லத்தில் நடத்தப்படும் படகுப் போட்டி. இது பயிற்சி பெற்ற வீரர்களுக்கானது அல்ல. சுற்றுலா வந்தவர்கள் பெயர் கொடுத்துவிட்டுப் படகில் ஏறவேண்டியதுதான். வேட்டியை மடித்துக் கட்டியவரும், புதுப் பெண்ணோடு தேனிலவு வந்தவரும், ஸ்வெட்டர் போட்ட பாட்டியும் கலந்துகொள்ளலாம். கரையில் நிற்கும் கூட்டத்துக்குச் சிரிப்பதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

நான்கு லட்சத்து அறுபதாயிரம்

எங்கள் தகப்பனார் கோவை ரங்கே கவுடர் வீதியில் தொடங்கிய மளிகை மொத்தக் கடையை நாமும் தம்பியும் கூட்டாக நடத்தி வந்தோம். நமக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நம் மகன் கொள்முதலையும் கணக்கையும் பார்ப்பான். தம்பி மகன் லைன் போவான். பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி, அவிநாசி என்று வாரம் ஒரு பக்கம் போய் ஆர்டர் எடுப்பதும் வசூல் செய்வதும் அவன் பொறுப்பு. அண்ணன் தம்பிகள் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

ஜிஎஸ்டி வந்த 2017-க்கும் கொரோனா வந்த 2020-க்கும் இடைப்பட்ட காலத்தில் இது நடந்தது. லைனில் ஒரு சில்லறைக் கடைக்காரருக்குப் பாக்கி மெல்ல மெல்ல ஏறி நான்கு லட்சத்து அறுபதாயிரத்தில் நின்றது. ஒரு நாள் காலையில் அந்தக் கடைக்கு இரண்டு பூட்டு தொங்கியது. ஆள் ஊரிலேயே இல்லை. மொத்த வியாபாரத்தில் இருக்கும் யாருக்கும் இது புதிய செய்தி அல்ல. ஆனால் நம் மகன் அந்தத் தொகையை லோடுமேன்கள், குமாஸ்தா எல்லோரும் இருக்கும்போது சத்தமாகப் படித்துவிட்டான். "கடன் கொடுக்காமல் லைனில் ஒரு மூட்டை விற்றுக் காட்டச் சொல்லுங்க பெரியப்பா" என்று தம்பி மகன் நம்மிடம் சொன்னானே தவிர, அவனிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எட்டு மாதம் இருவரும் துண்டுச் சீட்டில்தான் பேசிக்கொண்டார்கள். "உடுமலைக்குத் துவரம் பருப்பு 20 மூட்டை" என்று ஒரு சீட்டு போகும். "ஸ்டாக் 12" என்று ஒரு சீட்டு வரும். ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு இந்தக் கூத்து. சித்திரை பிறந்தபோது பாகம் பிரிக்கும் பேச்சு வந்துவிட்டது. ஆடிட்டரைப் பார்த்தாயிற்று. எந்தக் குடோன் யாருக்கு, எந்த லைன் யாருக்கு, கடைப் பெயர் யாருக்கு என்பதுதான் பாக்கி. பெயர் யாருக்கு என்பதில்தான் நமக்கும் தம்பிக்கும் தொண்டை அடைத்தது.

இந்த நிலைமையில் பயணம் போகலாம் என்று சொன்னது வீட்டுப் பெண்கள். "பிரிகிறதுன்னா பிரிஞ்சுக்கலாமுங்க. அதுக்கு முன்னாடி பிள்ளைகளை ஒருக்கா ஒண்ணா ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடலாம்" என்று நம் வீட்டம்மா சொன்னதற்கு யாரிடமும் மறுப்பு இல்லை.

கடையை மூன்று நாள் மூடிய விதம்

மூன்று நாள் மொத்தக் கடையை மூடுவது விளையாட்டல்ல. நாங்கள் செய்ததைச் சொன்னால் மற்றவர்களுக்கும் உதவும். பதினைந்து நாள் முன்னதாகவே பில்லின் அடியில் தேதியை எழுதி வாடிக்கையாளருக்குத் தெரிவித்தோம். முந்தின வாரமே வழக்கமான ஆர்டரோடு மூன்று நாள் சரக்கையும் சேர்த்து அனுப்பினோம். அந்தத் தேதிகளில் வங்கிக்கு வரக்கூடிய காசோலைகளுக்கு முன்கூட்டியே பணம் கட்டி வைத்தோம். சரக்கு லாரி எதுவும் அந்த நாட்களில் வந்து நிற்காதபடி டிரான்ஸ்போர்ட் அலுவலகத்தில் சொல்லி வைத்தோம். வேலையாட்களுக்கு மூன்று நாள் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பினோம், லோடுமேன்களுக்கும் அப்படியே. குடோனுக்கு மட்டும் காவல்காரர். திரும்பி வந்து பார்த்தபோது வாடிக்கையாளர் ஒருவர்கூட எங்களை விட்டுப் போகவில்லை. அந்த மாத விற்பனையில் குறைவு தெரியத்தான் செய்தது. அதற்கு அடுத்த மாதத்தில் அது ஈடாகிவிட்டது.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போனோம். 46 கிலோமீட்டர் தூரத்தை ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் ஏறும் ரயில் இது. குன்னூர் வரை 1899-இலும், ஊட்டி வரை 1908-இலும் ஓடத் தொடங்கியது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் பற்சட்டம் இருக்கும். எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டு ஏறும். பேரப்பிள்ளைகள் இரண்டு பக்க ஜன்னலுக்கும் ஓடி ஓடிப் பார்த்தார்கள். பெரியவர்கள் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு திரும்பவே இல்லை.

பேர் கொடுத்தது பேத்தி

இரண்டாம் நாள் படகு இல்லத்துக்குப் போனால், போட்டிக்குப் பெயர் பதிந்துகொண்டிருந்தார்கள். ஆண்கள் இருவர் சேர்ந்த துடுப்புப் படகு ஒரு பிரிவு. பெண்களுக்கு மிதி படகு ஒரு பிரிவு. எங்கள் பேத்திக்கு அப்போது பத்து வயது. போய்விட்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அப்பாரு, அப்பா பேரும் சித்தப்பா பேரும் எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். நீங்க ஒண்ணும் பணம் கட்ட வேண்டாம்."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. குழந்தை எழுதிக் கொடுத்ததை அழிக்கச் சொல்ல இருவருக்கும் மனம் வரவில்லை. மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு போய் ஏறினார்கள்.

துடுப்புப் படகில் ஒரு விஷயம் உண்டு. துடுப்பு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். அப்போதுதான் காலை ஊன்றி உடம்பு பலத்தோடு இழுக்க முடியும். அதனால் எங்கே போகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் தெரியும், ஆனால் அவர் கையில் துடுப்பு இல்லை. அவர் வாயைத் திறந்து வழி சொல்லியாக வேண்டும். தம்பி மகன் லைனில் மூட்டை ஏற்றி இறக்கிப் பழகியவன் என்பதால் துடுப்பு அவனிடம் போயிற்று. நம் மகன் எதிரே உட்கார்ந்தான்.

விசில் ஊதியதும் ஏழு படகுகள் புறப்பட்டன. இவர்கள் படகு மட்டும் கோணலாகப் போயிற்று. மகன் பேசாமல் கையால் சைகை காட்டுகிறான். துடுப்பு வலிப்பவன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பக்கத்துப் படகில் முட்டப்போகும் நேரத்தில்தான் எங்கள் காதில் விழுந்தது:

"டேய், இடது பக்கம் போடா!"

"இடதுதானே போறேன் அண்ணா!"

எட்டு மாதத்துக்குப் பிறகு பேசிய பேச்சு அது. ஏரி முழுவதும் கேட்டது. இருவர் சொன்னதும் சரிதான். எதிரெதிராக உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவருடைய இடது மற்றவருக்கு வலது. அவன் தன் இடப்பக்கம் போகச் சொல்ல, இவன் தன் இடப்பக்கம் ஓட்டியிருக்கிறான். படகு சுற்றிச் சுற்றி வந்தது. கரையில் இருந்த கூட்டம் கைதட்டிச் சிரித்தது. எங்களுக்கும் சிரிப்பு வந்தது. வயிற்றில் கலக்கமும் இருந்தது.

பாதி தூரத்தில் மகன் வேறு மாதிரி சொல்ல ஆரம்பித்தான். "கரைப் பக்கம் போ. இப்போ மரத்துப் பக்கம். இன்னும் கொஞ்சம் மரத்துப் பக்கம்." கரையும் மரமும் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் மாறாதவை. அதன் பிறகு படகு நேராக வந்தது. முன்னால் போன ஒரு படகையும் தாண்டிவிட்டார்கள். ஏழில் ஆறாவது இடம்.

பெண்கள் போட்டியில் நம் வீட்டம்மாவும் தம்பி சம்சாரமும் மிதி படகில் போனார்கள். வீட்டில் நடந்த சண்டையில் அவர்கள் இருவரும் ஒரு நாளும் பேச்சை நிறுத்தியதில்லை, படகிலும் நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே மிதித்து இரண்டாவதாக வந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த சின்னக் கோப்பைதான் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே விளையாட்டுப் பரிசு.

மறுநாள் நடந்தது

மூன்றாம் நாள் காலையில் இருவரையும் விடுதியில் காணவில்லை. படகு இல்லம் திறந்ததும் காசு கொடுத்து ஒரு துடுப்புப் படகு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். போட்டியும் இல்லை, கைதட்ட ஆளும் இல்லை. திரும்பி வந்தபோது இரண்டு பேருக்கும் உள்ளங்கையில் கொப்புளம். மாறி மாறித் துடுப்புப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பிறகு தம்பி மகன் அவனாகச் சொன்னான். அந்தக் கடைக்காரரின் மனைவிக்கு ஆபரேஷன் நடந்த மாதத்திலிருந்துதான் பாக்கி ஏறியது என்பதையும், அதைச் சீட்டில் எழுத முடியவில்லை என்பதையும் அன்றுதான் அண்ணனிடம் சொன்னானாம். கொள்முதலுக்குப் பணம் புரட்ட வீட்டு நகையை அடகு வைத்திருந்ததை அண்ணனும் அன்றுதான் சொன்னானாம். இரண்டும் எங்களுக்கே தெரியாத சேதி.

இதனால் பாகப்பிரிவினை நின்றுவிட்டது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. அடுத்த ஆண்டு கணக்கு முடிந்ததும் பிரித்துக்கொண்டோம். பருப்பு, தானியம் ஒரு கடை; மசாலா, எண்ணெய், சர்க்கரை ஒரு கடை. இரண்டு குடும்பம் பெருகியாயிற்று. ஒரு கல்லாப் பெட்டி போதவில்லை. ஆனால் பிரித்த விதம் வேறாக இருந்தது. நான்கு லட்சத்து அறுபதாயிரத்தை இருவரும் பாதிப் பாதியாகத் தம் பங்கில் கழித்துக்கொண்டார்கள். தகப்பனார் பெயர் இரண்டு கடைக்கும் முன்னால் நிற்கிறது. குடோனும் வேனும் இன்றைக்கும் பொது. சனிக்கிழமை இரவு இரண்டு பேரும் உட்கார்ந்து பாக்கிப் பட்டியலை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுகிறார்கள். முன்பு "சின்னவர் லைன் பாக்கி", "பெரியவர் கொள்முதல்" என்று பேரேட்டில் தலைப்பு இருக்கும். இப்போது ஊர்ப் பெயரும் சரக்குப் பெயரும்தான் இருக்கின்றன. அந்தக் கடைக்காரர் மூன்று வருடம் கழித்து வந்து ஒரு லட்சம் கொடுத்துவிட்டுப் போனார். அதையும் சரிபாதியாக எடுத்துக்கொண்டார்கள்.

சங்கங்கள் செய்யக்கூடியது

விளையாட்டுப் போட்டியில் தோற்பதற்குச் செலவு இல்லை. நம் தொழிலில் ஒவ்வொரு தோல்விக்கும் ரூபாய்க் கணக்கு உண்டு. அதனால்தான் கடைக்குள் ஒருவர் தவறை ஒருவர் சிரித்துக்கொண்டு பார்க்க முடிவதில்லை. கிராமத்துப் பொங்கலில் உறியடியும் வழுக்கு மரமும் வைத்த நம் பெரியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வழுக்கு மரத்தில் ஏறுபவன் சறுக்கி விழுந்தால் ஊரே சிரிக்கும், அடுத்த நிமிடம் அவனையே தோளில் தூக்கி ஏற்றிவிடும்.

ஆலப்புழையில் 1952-இல் நேரு வந்து பார்த்ததிலிருந்து நடந்துவரும் நேரு கோப்பைப் பாம்புப் படகுப் போட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நூறு பேர் வரை துடுப்புப் போட்டாலும் பாட்டுக்காரரின் தாளத்துக்குத்தான் படகு ஓடும். கயிறு இழுக்கும் போட்டி 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றிருந்தது. அதற்கு ஒரு வடக்கயிறும் ஒரு மைதானமும் போதும். நமது சங்கக் குடும்ப விழாவில் கடைக்கு ஓர் அணி என்று வைக்காமல், கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே அணியில் வரும்படி குலுக்கல் போட்டு வைத்தால் நன்றாக இருக்கும்.

ஒன்றிரண்டு எச்சரிக்கையும் உண்டு. பந்தயப் பணம் வைக்க வேண்டாம்; வைத்தால் விளையாட்டு வியாபாரமாகிவிடும். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் கரையில் நின்று கைதட்டுவதே நல்லது. மிதவைச் சட்டை இல்லாமல் யாரும் படகில் ஏறக்கூடாது.

போகிறவர்கள் கவனத்துக்கு

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குச் சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரலில் கோடைக்கு மட்டும் வார நாட்களில் 6000, வார இறுதியில் 8000 வண்டிகள் என்று அளவும் வைத்தார்கள். இதை எதிர்த்து நீலகிரி வணிகர்கள் 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி கடையடைப்பு நடத்தினார்கள். இரண்டு மாத சீசனை நம்பி ஆண்டு முழுவதும் வட்டி கட்டுகிறவர்கள் அவர்கள். அவர்களுடைய கஷ்டம் நமக்குப் புரியாததல்ல. போகும் முன் அந்த ஆண்டின் விதி என்ன என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பேருந்திலும் ரயிலிலும் போனால் இந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்கு மலையில் தடை உண்டு. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். அங்கே வாங்கவேண்டியதை அங்குள்ள கடைகளில் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

மே 5-ஆம் தேதி வணிகர் தினத்துக்கு எப்படியும் கடை மூடுகிறோம். மாநாட்டுக்குப் போய் வந்த கையோடு இன்னும் இரண்டு நாள் சேர்த்து மூட முடியுமா என்று வீட்டில் கலந்து பேசுங்கள். பில்லில் தேதி எழுதும் வேலையைச் சித்திரை முதல் வாரத்திலேயே தொடங்கினால் போதும்.